எந்த டப்பாவில் எதை வைக்கலாம்? நம்பிக்கைகளும் உண்மைகளும்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலைப் பக்கம் பாத்திரம் வாங்கப் போனால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். காந்தத்தை வைத்துப் பார், அடியில் இருக்கும் எண்ணைப் பார், பேசாமல் பித்தளைக்கே திரும்பிவிடு. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால்தான் தவறும் சேர்ந்து பரவுகிறது. காலை ஏழு மணிக்குள் பள்ளிக்கும் மின்சார ரயிலுக்குமாகச் சோறு கட்டும் வீடுகளில் இந்தத் தவறு தினமும் நடக்கிறது. அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவோம்.

நம்பிக்கை: ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று போட்டிருந்தால் அதிலேயே சூடாக்கலாம்.

உண்மை: டப்பா உருகாது, நெளியாது என்பதுதான் அந்த வாசகம் தரும் உறுதி. உணவுக்குள் எதுவும் இறங்காது என்று அது சொல்லவில்லை. 2023-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா-லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குழந்தை உணவு டப்பாக்களை மூன்று நிமிடம் மைக்ரோவேவில் வைத்துச் சோதித்தார்கள். சிலவற்றில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பிலிருந்து மட்டும் 40 லட்சத்துக்கு மேல் மைக்ரோபிளாஸ்டிக் துகள்களும், 200 கோடிக்கு மேல் அதைவிட நுண்ணிய நானோ துகள்களும் வெளிவந்தன.

ஆய்வகம் வரை போக வேண்டாம். சாம்பார் சாதம் கட்டிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிப் பாருங்கள். எவ்வளவு தேய்த்தாலும் மஞ்சள் கறை போகாது. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும். சூடான எண்ணெயோடு சேர்ந்து அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் சேர்க்கப்பட்ட ரசாயனங்கள் உணவுக்குள் இறங்குவதும் இதே சூட்டாலும் எண்ணெயாலும்தான். சூடாக்குவதென்றால் கண்ணாடிக் கிண்ணத்துக்கோ பீங்கான் தட்டுக்கோ மாற்றிவிட்டுச் சூடாக்குங்கள். கொதிக்கும் குழம்பை நேரே பிளாஸ்டிக்கில் ஊற்றுவதும் இதே தவறுதான்.

நம்பிக்கை: முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் உணவுக்கு ஏற்றது.

உண்மை: அந்த எண் பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது. மறுசுழற்சிக்காகத் தரம் பிரிக்க 1988-ல் அமெரிக்காவில் கொண்டுவந்த முறை அது. 5 என்றால் பாலிபுரொப்பிலீன். நாற்காலியும் வாளியும் கூட அதில் செய்கிறார்கள். உணவுக்கென்று செய்த டப்பாவில் கோப்பையும் முள்கரண்டியும் சேர்ந்த சின்னம் இருக்கும். இரண்டையும் பாருங்கள். பழைய துணிக்கு மாற்றாகத் தெருவில் கிடைக்கும் டப்பாவில் எந்தச் சின்னமும் இல்லையென்றால் அது துணி கிளிப் போட்டுவைக்கத்தான் சரி. உள்பக்கம் கீறல் விழுந்து மங்கிப்போன டப்பாவை, எந்த எண் இருந்தாலும், சாப்பாட்டிலிருந்து விலக்கிவிடுங்கள்.

நம்பிக்கை: ‘பிபிஏ இல்லை’ என்றால் கவலையில்லை.

உண்மை: பிபிஏ எனப்படும் பிஸ்பினால்-ஏ ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடும் ரசாயனம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-ல் குழந்தைகளின் பால் புட்டியிலிருந்து அதை விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருள்களில் அதைத் தடைசெய்ய ஒப்புதல் தந்தது. ஆனால் அதை எடுத்துவிட்டுச் சில தயாரிப்பாளர்கள் பிபிஎஸ் போன்ற உறவுக்கார ரசாயனங்களைப் போடுகிறார்கள். அவையும் ஏறக்குறைய அதே விதத்தில் வேலை செய்கின்றன. செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து அடுக்குமாடிகளில் புழங்கும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன்களில் பல, பிபிஏ கொண்டு செய்யும் பாலிகார்பனேட்டால் ஆனவை. கேனை வெயில்படும் பால்கனியில் வைக்காதீர்கள். வெளிறி, கீறல் விழுந்த கேனைக் கேன் போடுகிறவரிடம் திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.

நம்பிக்கை: காந்தம் ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர்.

உண்மை: 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட 304 ரகத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த, விலை மலிவான 201, 202 ரகங்களிலும் அது ஒட்டாது. மாறாக, காந்தம் ஒட்டும் 430 ரகம் அன்றாடச் சமையலுக்குத் தாங்கும். இண்டக்‌ஷன் பாத்திரங்களின் அடியில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஆகவே காந்தத்தை விட்டுவிட்டு ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடுங்கள். எவர்சில்வர் பாத்திரங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு ஆணையிட்டது.

நல்ல எவர்சில்வருக்கும் உப்பு ஆகாது. மாதக்கணக்கில் ஊறுகாய் இருந்த டப்பாவின் அடியில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் விழும். உப்பு உலோகத்தை அரித்த தடம் அது. ஊறுகாய்க்குக் கண்ணாடிக் குப்பியே மேல்.

நம்பிக்கை: பாட்டி காலத்துப் பாத்திரம் எல்லாமே நல்லது.

உண்மை: பித்தளை, செம்பில் புளி பட்டால் உலோகம் கரைந்து உணவில் சேரும். அதனால்தான் அந்தக் காலத்திலேயே ஈயம் பூசினார்கள். பூசுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் அது நஞ்சு, குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வாங்கும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். அலுமினியத்தையும் புளிப்பு கரைக்கும். புளிசாதம், தக்காளி சாதத்தை அலுமினியத் தாளில் பொதியாமல் வாழையிலையில் கட்டுங்கள்.

நம்பிக்கை: பேப்பர் கப், பேப்பர் டப்பா என்றால் பிளாஸ்டிக் இல்லை.

உண்மை: உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல் காகிதத்தில் தேநீர் நிற்காது. 2020-ல் கரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் இத்தகைய கோப்பையில் 100 மில்லி வெந்நீரை 15 நிமிடம் வைத்தபோது ஏறத்தாழ 25,000 நுண்துகள்கள் கலந்தன. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் இந்தக் கோப்பையும் ஒன்று. சாம்பாரைப் பார்சல் வாங்கப் போகும்போது வீட்டுத் தூக்கை எடுத்துப் போனால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நம்பிக்கை: நல்ல டப்பாவில் மூடி வைத்தால் கெடாது.

உண்மை: இதுதான் இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை. டப்பாவிலிருந்து வரும் கேடு வருடக்கணக்கில் சேரும். கெட்ட சோறு அன்றிரவே வாந்தியில் கொண்டுவிடும். சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. அது உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. நம் ஊர் வெக்கையில் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் கீழே வைத்துவிட வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு வீட்டு டப்பாக்களை மூட்டை கட்டித் தூக்கிப் போட வேண்டாம். பருப்பு, கடுகு, மிளகாய் போன்ற உலர்ந்த சாமான் உணவுக்கான பிளாஸ்டிக் டப்பாவில் இருந்தால் பெரிய கெடுதல் இல்லை. எந்தப் பாத்திரம் என்பதோடு, அதில் எது, எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். சூடு, எண்ணெய், புளிப்பு, உப்பு, இந்த நான்கில் ஏதேனும் ஒன்று படும் உணவின் பாத்திரத்தை மட்டும் முதலில் மாற்றினால் போதும். அதிலும் முதல் செலவு பிள்ளையின் சாப்பாட்டு டப்பாவுக்காக இருக்கட்டும். சூடான சோறு தினம் தவறாமல் போய் அடைவது அதில்தான். அதைச் சாப்பிடுவது வளரும் உடம்பு. இந்த மாதம் ஒரு நல்ல எவர்சில்வர் டப்பா வாங்குங்கள், மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம்.