சீன நகரில் தமிழ்க் கல்வெட்டு

சீனா செல்வோர் பெரும்பாலும் பெய்ஜிங்கையும் பெருஞ்சுவரையும் பார்த்துத் திரும்புகின்றனர். தமிழர் அவசியம் காண வேண்டிய ஊர் தென்கிழக்குக் கடற்கரையிலுள்ள சுவான்சௌ. மார்க்கோ போலோ 'சைத்தூன்' என்று குறிப்பிட்ட துறைமுகம் இது. 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

1. கையுவான் புத்தர் கோவில்: பிரதான மண்டபத்தின் பின்புறம் உள்ள இரண்டு தூண்களைப் பாருங்கள். கண்ணன் மருத மரங்களைச் சாய்க்கும் காட்சி அங்கே செதுக்கப்பட்டுள்ளது. பழைய இந்துக் கோவிலின் தூண்கள் இவை.

2. லோயாங் பாலம் (1053–1059): அலையில் அடித்தளக் கற்கள் பெயராதிருக்க, அவற்றின்மேல் சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பி ஓடுகளே கற்களைச் சிமெண்ட் போலப் பிணைத்தன! ரயில்வே பாலங்களோடு காலம் கழித்த எனக்கு இது பெரிய பாடம்.

3. தமிழ்க் கல்வெட்டு: 1956-இல் இந்நகரில் கிடைத்தது. குப்ளாய் கான் ஆண்ட 1281-ஆம் ஆண்டில், அவர் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பவர் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தி இதில் உள்ளது. தமிழ் வரிகளின் கீழே சீன வரி ஒன்றும் உண்டு.

ஊர் மொழியையும் மதித்தார்கள், தாய்மொழியையும் விடவில்லை. டில்லியில் இந்தியும் ஆங்கிலமும் படிக்கும் நம் பிள்ளைகள், அந்தக் கல்லின் முன் நின்றால் எழுத்துக்கூட்டியாவது படிக்க வேண்டாமா?

பயிற்சி: நாகப்பட்டினத்திலிருந்து சுவான்சௌ செல்லும் கடல் வழியை உலக வரைபடத்தில் வரைக.