முற்றாக மூடிய முடியுருநாடி: கம்பி நுழையும் முன்னர்

இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுருநாடி ஒன்று முழுவதுமாக அடைபட்டு, அந்நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்திருந்தால் அதனை நாட்பட்ட முழு அடைப்பு (சிடிஓ) என்பர். திடீர் மாரடைப்பில் புதிதாகத் தோன்றும் மென்மையான குருதிக்கட்டியைப் போலன்றி இது நார்த்திசு இறுகியும் சுண்ணாம்பு படிந்தும் கிடப்பதால், பலூனை விரிப்பதைவிட அதற்கு வழிகாட்டும் நுண்கம்பியை அடைப்பினூடே கடத்துவதே பெரும்பாடாகிறது. 1977இல் சூரிச்சில் வைத்தியர் அன்ட்ரியாஸ் குருன்சிக் முதன்முதலாகப் பலூனால் விரித்தது ஒடுங்கிய முடியுருநாடியையே. முற்றாக மூடியவை நெடுங்காலம் பைபாஸ் சத்திரசிகிச்சைக்கோ மருந்துக்கோ விடப்பட்டன.

கொப்பன்ஹேகனுக்கு மேற்கே புரொண்பியில் வாழும் ஒருவருக்கு இவ்வடைப்பு இருப்பது அஞ்சியோகிராம் எனப்படும் நாடிப் படத்தில் தெரியவரும்போது, குடும்பத்தார் முதலில் கேட்பது எப்போது திறப்பார்கள் என்பதுதான். ஆனால் நடைமுறை கற்பித்த முதற்பாடம், படத்துக்கு முன் நோயாளியின் அன்றாட நடமாட்டத்தை விசாரிக்க வேண்டும் என்பதாகும். அயல் நாடிகளிலிருந்து வளரும் பக்கக் கிளைகள் ஓய்வில் போதிய குருதியைத் தருவதால் நோவு மறைந்திருக்கும். புரொண்பி ஸ்ட்ராண்டின் உயர்மாடிக் குடியிருப்பில் மின்தூக்கியை மட்டுமே நம்புபவரும், எதிர்காற்றில் மூச்சு வாங்கிய நாள்முதல் சைக்கிளைக் கைவிட்டவரும் தமக்கு ஒன்றுமில்லை என்று மனதார நம்பியே சொல்வர். போன வருடம் செய்த எந்த வேலையை இவ்வருடம் விட்டீர்கள் என்று கேட்டாலே உண்மை வெளிப்படும். டேனிஷ் மொழி பேசாத தகப்பனுக்கு மொழிபெயர்க்க வரும் பிள்ளை, அவரது நீண்ட விடையை ஒரு சொல்லாகச் சுருக்கிவிடுவதும் உண்டு. ஆகவே தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது பெரிதும் பயனுள்ளது.

இந்த விசாரணைக்கு இவ்வளவு இடம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. 2018இல் வெளியான யூரோ சிடிஓ ஆய்வில், அடைப்பு திறக்கப்பட்டவர்களுக்கு மருந்து மட்டும் பெற்றவர்களைவிட நெஞ்சு நோ குறைந்தது; ஆனால் கொரியாவில் தொடங்கி 2019இல் வெளியான டிசிஷன் சிடிஓ ஆய்வு, மரணத்தையும் மாரடைப்பையும் இச்சிகிச்சை குறைப்பதாகக் காட்டவில்லை. எனவே இதன் உறுதியான பலன் வாழ்வின் தரத்தில்தான் உள்ளது. அறிகுறியற்றவர்களுக்கும் அறிகுறியுள்ளவர்களுக்கும் திறப்பதால் வரும் பயனைத் தனித்தனியே அறிய, டென்மார்க்கின் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலை இஸ்கீமியா சிடிஓ என்னும் ஆய்வை முன்னெடுத்ததும் இக்கேள்வியின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது.

சிகிச்சையின்போது மணிக்கட்டிலும் தொடையிலுமாக இரு நாடிகளின் வழியே கதீற்றர் எனப்படும் மெல்லிய குழாய்கள் செலுத்தப்பட்டு, அடைப்பின் இரு முனைகளும் ஒருசேரத் தெரியும்படி இரு பக்கமிருந்தும் சாயம் பாய்ச்சப்படுகிறது. இந்த இரட்டைப் படத்தைப் பொறுமையாக ஆராயாமல் கம்பியை எடுப்பது நேரத்தையும் கதிர்வீச்சையும் வீணாக்கும். கம்பி நேரே செல்லாவிடில், நாடிச் சுவரின் அடுக்குகளுக்கிடையே நகர்ந்து அடைப்பைத் தாண்டியபின் உட்குழிக்குள் மீள நுழையலாம். அல்லது இதயத்தின் தடுப்புச்சுவர்க் கிளைகள் வழியே சுற்றிவந்து பின்புறமிருந்து அணுகலாம். பின்னைய முறையை யப்பானிய வைத்தியர்கள் பெரிதும் வளர்த்தெடுத்தனர். ஒரு வழியிலேயே பிடிவாதமாக நில்லாமல் உரிய நேரத்தில் மற்றதற்கு மாறும் குழுவிடமே வெற்றி கூடுகிறது.

கம்பி நாடியைத் துளைத்தால் இதய உறைக்குள் குருதி தேங்கி உயிராபத்து நேரலாம். சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். கதிர்வீச்சு 5 கிரேயைத் தாண்டியும் முன்னேற்றமில்லையெனில் நிறுத்துவதே பொதுவான அறிவுரை. நிறுத்தும் எல்லையைத் தொடங்குமுன் குழுவுக்குள் பேசிவைப்பதும், அதனை நோயாளியிடம் சொல்லிவைப்பதும் அவசியம். அடைப்பைப் பலூனால் தளர்த்திவிட்டு, நாடிச் சுவர் ஆறச் சில வாரங்கள் விட்டு மீண்டும் முயல்வது ஏற்கப்பட்ட முறையாகையால், முதல்நாள் நாடியைத் திறந்து தாங்கும் ஸ்டென்ட் வைக்கப்படாமல் வீடு திரும்புபவரைச் சிகிச்சை தோற்றவராக உறவினர் கருத வேண்டியதில்லை.