ரேடியோ நெல்லும் எட்டாம் வகுப்பும்

எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் தேர்வு ஒன்றில், 'பசுமைப் புரட்சிக் காலத்தில் அறிமுகமான நெல் ரகம் ஒன்றின் பெயரை எழுதுக' என்று கேட்டிருந்தேன். ஐ.ஆர்.8 என்ற விடையை எதிர்பார்த்த ஒரு மதிப்பெண் வினா. ஒரு மாணவி 'ரேடியோ நெல்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டேன். விடைத்தாளை வாங்கியபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு அருகில் வந்து நின்றாள். "அப்படி ஒரு நெல்லு நெசமாவே இருந்துச்சாம் டீச்சர். எங்க அப்பாயி நடவு நட்டிருக்காங்களாம்."

நானும் டெல்டாவில் பிறந்தவள்தான். அன்று மாலை என் தந்தையிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் சிரித்தார். "ஏ.டி.டி. 27-ஐத்தான் அப்படிச் சொல்லுவோம். ரேடியோவுல சொல்லி வந்த நெல்லு." இருபது ஆண்டுகளாகப் பசுமைப் புரட்சியைப் பாடமாக நடத்தியவளுக்கு, அது தன் ஊர் வயலுக்குள் எந்த வழியாக வந்தது என்பது தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் திருச்சி வானொலி நிலையத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததையும், அதை வகுப்பறைக்குக் கொண்டுபோனபோது நடந்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. சென்னை நிலையம் அதற்கு ஓராண்டு முன்பு, 1938 ஜூன் 16 அன்று தொடங்கியிருந்தது. அதற்கும் முன்னரே, 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்ற தனியார் மன்றம் ஒலிபரப்பைத் தொடங்கி, பணமில்லாமல் 1927-இல் நிறுத்திக்கொண்டது. 1947-இல் நாடு பிரிந்தபோது லாகூர், பெஷாவர், டாக்கா நிலையங்கள் பாகிஸ்தானுக்குப் போயின. இந்தியாவுக்கு மிஞ்சியவை ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, திருச்சி. மாணவர்களிடம் இந்தியப் படத்தைக் கொடுத்து இந்த ஆறையும் குறிக்கச் சொல்லிப் பாருங்கள். பெருநகரங்களுக்கு நடுவே காவிரிக்கரை ஊர் ஒன்று இருப்பதைக் கண்டதும், "நம்ம திருச்சியா?" என்று எழுகிற குரலுக்காகவே அந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

கர்நாடக இசை, நாடகம், செய்தி, மகளிருக்கும் சிறுவருக்குமான நிகழ்ச்சிகள், பள்ளிகளுக்கான ஒலிபரப்பு என எல்லாம் இருந்தன. ஆனால் வானொலிப் பெட்டி எல்லார் வீட்டிலும் இல்லை. பெட்டி வைத்திருக்கவே அஞ்சல் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. 1980களின் நடுவில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. கிராமத்துக்கு வானொலி பெரும்பாலும் பஞ்சாயத்து வழியாகத்தான் வந்தது. ஓர் அறை, அதற்குள் பெட்டி, வெளியே கம்பத்தில் புனல் வடிவ ஒலிபெருக்கி. மாலையானால் அந்த அறையைத் திறப்பதற்கென்றே ஓர் ஆள். எங்கள் ஊரில் அந்த அறை இன்னும் இருக்கிறது, உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இனி நெல்லுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பானிய ரகம் ஒன்றையும் நம் ஜி.இ.பி.24 ரகத்தையும் கலந்து ஏ.டி.டி.27-ஐ உருவாக்கியது. வயது சுமார் 105 நாள். குறுவைக்கு ஏற்றது. இந்த எண்ணை அப்படியே விட்டுவிடாமல் கணக்காக்கினேன். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. ஜூன் 15-இல் விதைத்தால் 105-ஆம் நாள் எது? செப்டம்பர் 28 என்று பிள்ளைகளே விரல்விட்டு எண்ணிச் சொன்னார்கள். வடகிழக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று அடுத்துக் கேட்டதும், ஒரு பையன், "அதுக்குள்ள அறுத்துடலாம் டீச்சர், அப்புறம் தாளடியும் போடலாம்" என்றான். புவியியல், கணக்கு, வரலாறு மூன்றையும் ஒரே நெல் இழுத்து வந்துவிட்டது.

புது ரகத்துக்குப் புதுப் பழக்கம் வேண்டும். நாற்றின் வயது, நடவு இடைவெளி, உரமிடும் நாள், மருந்தின் அளவு என ஒவ்வொன்றும் மாறியது. விரிவாக்க அலுவலர் எத்தனை வயலுக்குத்தான் நடந்து போவார்? இந்தத் தகவலை உரிய நாளில், உழவருக்குப் புரியும் பேச்சில் கொண்டுபோய்ச் சேர்த்தது திருச்சி வானொலி. 1966-இல் அகில இந்திய வானொலி, பண்ணைக்கும் இல்லத்துக்குமான ஒலிபரப்புக்கென்று நிலையங்களில் தனிப் பிரிவுகளைத் தொடங்கியது. நெல்லுக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்த எண், மக்கள் வாயில் நிற்கவில்லை. அவர்கள் வைத்த பெயர்தான் நின்றது.

ஆசிரியர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது. 1956-இல் யுனெஸ்கோ உதவியுடன் புனேயைச் சுற்றிய மாவட்டங்களில் வானொலி உழவர் மன்றங்கள் சோதனையாக நடத்தப்பட்டன. வாரம் இருமுறை அரைமணி நேர நிகழ்ச்சி. ஊரில் ஒரு குழு கூடிக் கேட்கும், கேட்டதும் விவாதிக்கும், பிறகு செய்து பார்க்கும். குழுவின் கேள்விகள் நிலையத்துக்குத் திரும்பிப் போகும். கேட்பது மட்டும் போதாது, கேட்டபின் பேச வேண்டும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

இதைப் படிக்கும் முன் நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் 'நியூஸ் ஆன் ஏர்' செயலியைத் திறந்து, திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சியை வகுப்பில் பத்து நிமிடம் ஒலிக்கவிட்டேன். இரண்டாம் நிமிடத்திலேயே பின்வரிசையில் பேனா சுழன்றது. படம் பார்த்தே பழகிய பிள்ளைகள், பார்க்க ஒன்றுமில்லாததால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கேட்டல் திறன்' என்று பாடக்குறிப்பேட்டில் எழுதுகிறோமே தவிர, அதற்கென்று நாம் எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோம்?

இரண்டாம் முறை, முன்கூட்டியே பதிவு செய்து வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்குச் சுருக்கினேன். ஒலிக்கவிடும் முன் 'இடுபொருள்', 'மேலுரம்' ஆகிய சொற்களைப் பேசிவிட்டு, இரண்டே வினாக்களைக் கரும்பலகையில் எழுதினேன். ஒன்றுக்கு விடை ஒலிப்பதிவில் இருக்கும். மற்றொன்றுக்கு வீட்டில்தான் கேட்டு வர வேண்டும். ஒரு நல்ல ஒலிபெருக்கியை ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் இரவல் வாங்கினேன் (கைப்பேசி ஒலி மூன்றாம் வரிசையைத் தாண்டாது). முதல் முறை ஒலித்தபோது எழுதக் கூடாது. பேசி முடித்தபின் இன்னொரு முறை ஒலிக்கவிட்டு, அப்போது எழுதினார்கள். இந்த ஒழுங்கு புதிதல்ல. பள்ளி ஒலிபரப்பு நடந்த காலத்து ஆசிரியர்கள், முன் தயாரிப்பு, கேட்டல், பின் உரையாடல் என்று இதைத்தான் செய்தார்கள்.

வீட்டில் கேட்டு வர வேண்டிய வினா இதுதான்: 'உங்கள் வீட்டுப் பெரியவர் வானொலியை எங்கே உட்கார்ந்து கேட்டார்?' எளிய வினா என்று நினைத்துத்தான் கொடுத்தேன். பலர் 'திண்ணையில்', 'டீக்கடையில்' என்று எழுதி வந்தார்கள். ரேடியோ நெல் என்று எழுதிய அதே மாணவி எழுந்து படித்தாள். "எங்க அப்பாயி உக்காந்து கேக்கல. ரேடியோ ரூம் பெரிய தெருவுல இருந்துச்சாம். நடவு முடிச்சு வரப்ப, வாய்க்கால் மதகுகிட்ட நின்னு கேப்பாங்களாம்."

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஒலிபெருக்கி எல்லாருக்கும் பேசியது, ஆனால் கம்பம் ஒரு தெருவில்தான் நின்றது. அந்த நெல்லின் விளைச்சல் பெருகிய அதே ஆண்டுகளில்தான் அன்றைய தஞ்சை மாவட்டத்தில் கூலிப் போராட்டங்களும் முற்றின. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து மாண்டதை, பசுமைப் புரட்சிப் பாடத்திலிருந்து பிரித்துச் சொல்ல எனக்கு அதன்பின் மனம் வரவில்லை. எட்டாம் வகுப்புக்கு எந்த அளவு சொல்வது என்பதை வகுப்பறிந்து அவரவர்தான் முடிவுசெய்ய வேண்டும். நான் நான்கு வாக்கியங்கள் சொன்னேன். விளைச்சல் கூடினால் கூலியும் கூடியதா என்று ஒரு மாணவன் கேட்டான். அதையே அடுத்த வாரத்துக்கான வினாவாகப் பலகையில் எழுதிவைத்தேன்.

அவளுடைய விடைத்தாளைத் திரும்ப வாங்கி, கேள்விக்குறியை அடித்து, மதிப்பெண்ணைப் போட்டுக் கையெழுத்திட்டேன். பிள்ளைகள் இப்போது ஐந்து நிமிட 'வானொலி நிகழ்ச்சி' ஒன்றைத் தாங்களே பதிவு செய்யத் தயாராகிறார்கள். அறிவிப்பாளர் யார் என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. நேர்காணலுக்கு அப்பாயி வர ஒப்புக்கொண்டிருக்கிறார், நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து.