காயல் நடுவே ஒரு நகரம்

இத்தாலி நாட்டின் வடகிழக்கே, அட்ரியாட்டிக் கடலை அடுத்துப் பரந்ததொரு காயல் உண்டு. அதன் நடுவே நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின்மீது எழுந்த நகரமே வெனிசு. மாணவர்களே! மனத்தால் படகேறி அந்நகரையும் அதனைச் சூழ்ந்த தீவுகளையும் கண்டு வருவோம், வாரீர்.

அங்கே தெருக்கள் பல கால்வாய்களே. ஊர்திகள் எல்லாம் படகுகளே. மாட மாளிகைகள், சேற்றில் நெருக்கமாக அறையப்பட்ட மரக்கம்பங்களின்மேல் நிற்கின்றன. காற்றுப் புகாத சேற்றில் புதைந்த மரம் எளிதில் மட்குவதில்லை.

வடக்கே சென்றால் முரானோத் தீவு தோன்றும். கண்ணாடி உலைகளால் நகரில் தீப்பற்றுமோ என்றஞ்சிய ஆட்சியாளர், 1291-ஆம் ஆண்டில் அவ்வுலைகளை இத்தீவிற்கு மாற்றினர். அதற்கப்பால், ஊசிப் பின்னல் வேலைக்குப் பெயர்பெற்றது புரானோத் தீவு.

அதன் அருகிலுள்ள தொர்ச்செல்லோத் தீவோ நம் நெஞ்சை உருக்கும். வெனிசு ஓங்குமுன்னரே அங்கு வாணிகம் செழித்தது. 639-ஆம் ஆண்டில் பெருங்கோயில் ஒன்றும் எழுந்தது. பின்னர், ஆறுகள் கொணர்ந்த வண்டலால் நீர்வழிகள் தூர்ந்தன, முறைக்காய்ச்சல் பரவியது, மக்கள் அகன்றனர். கோயில் நிற்கிறது, குடிகளோ மிகச் சிலரே.

நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. வெனிசு நகரத்தவரான மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தின் சிறப்பை எழுதிவைத்தார். அத்துறையும் தாமிரபரணியின் வண்டலால் கடலை இழந்தது.

வெனிசு மக்கள் விழித்துக்கொண்டனர். பிரெந்தா முதலிய ஆறுகளைக் காயலுக்குப் புறத்தே திருப்பித் தம் நீர்வழிகளைக் காத்தனர். ஆயினும் கடல் ஓயவில்லை. 1966 நவம்பர் 4-ஆம் நாள் வெள்ளம் பொங்க, நீரளவுகோல் 194 செ.மீ. காட்டியது. கடலடியில் படுத்திருந்து, வேண்டும்போது எழுந்து நீரைத் தடுக்கும் 78 கதவுகளை அமைத்தனர்; அவை 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் முதன்முறை வெள்ளத்தைத் தடுத்தன.

எனினும், 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த பழநகரில், 2022-இல் 50,000-க்கும் குறைந்தோரே எஞ்சினர். காண வருவோர் பெருக, வீடுகள் விடுதிகளாகின்றன, குடிகள் பெயர்கின்றனர். கதவுகள் கடலைத் தடுக்கும்; வெளியேறும் மக்களைத் தடுக்குமோ? கற்கள் மட்டும் நிலைத்தால் ஊர் நிலைத்ததாகாது என்பதற்குத் தொர்ச்செல்லோவே சான்று. ஊருக்கு உயிர் அதில் வாழும் மக்களே.