கட்டவிழ்க்கும் நாட்கள்: குடிநோய் சிகிச்சை இல்லத்தில் நடப்பது என்ன?



"என் தம்பியைச் சேர்த்தால் உள்ளே என்ன செய்வார்கள்? அடிப்பார்களா? எத்தனை நாளில் குணமாகும்?" இப்படிக் கேட்கிற குடும்பங்கள் அநேகம். வெட்கத்தினால் கேட்காமலே இருந்துவிடுகிறவர்கள் இன்னும் அநேகம். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவினால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் ஏறத்தாழ 5.7 கோடி பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். ஆகவே இவ்விதழில் சிகிச்சை இல்லத்தின் உள்ளே நடப்பதை வரிசையாக அறிந்துகொள்வோம்.

1. சேரும் நாள்

நோயாளி தாமே சம்மதித்துச் சேருவதே நல்ல முறை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடிநோயாளிகளுக்கும் பொருந்தும். எவரையும் சங்கிலியால் கட்டிவைப்பதை அது தடைசெய்கிறது. அடிப்பதும் பூட்டிவைப்பதும் சிகிச்சை அல்ல. அப்படி நடக்கும் இடத்தில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

சேர்ந்தவுடன் பையைச் சோதிப்பார்கள். இரத்தம், கல்லீரல், இருதயம் ஆகியவற்றைப் பரிசோதிப்பார்கள். எத்தனை வருடம், எவ்வளவு, கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்பார்கள். இதில் குடும்பத்தார் எதையும் மறைக்கக் கூடாது. மருந்தின் அளவு அந்தப் பதிலைப் பொறுத்தது.

2. முதல் வாரம்: உடல்

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சலும் மனக்குழப்பமும் உண்டாகி, இல்லாத உருவங்கள் தெரியும். கவனிக்காவிட்டால் இது உயிரையே பறிக்கும். அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்கும் குடும்பங்கள் இந்த ஆபத்தை அறிவதில்லை.

டயஸெபாம் போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். தயாமின் என்னும் பி1 வைட்டமினை ஊசியாகப் போடுவார்கள். குடியால் மெலிந்தவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைக்குச் சேதம் நேரிடலாம். செவிலியர் இரவிலும் நாடியும் இரத்த அழுத்தமும் பார்ப்பது இதற்காகவே.

3. அடுத்த வாரங்கள்: மனம்

ஏழெட்டு நாளில் நடுக்கம் நின்று, பசி எடுத்து, முகம் தெளிந்துவிடும். "நான் சுகமாகிவிட்டேன், அழைத்துப் போங்கள்" என்று அவர் சொல்லுவது இப்போதுதான். குடும்பமும் நம்பிவிடுகிறது. உண்மையில் சிகிச்சையின் பெரும்பகுதி இனிமேல்தான் தொடங்குகிறது.

பெரும்பாலான இல்லங்களில் மொத்தம் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கவேண்டும். விடியற்காலை எழுதல், படுக்கையை ஒழுங்குபடுத்தல், நோயைப் பற்றிய வகுப்பு, குழுவாக அமர்ந்து பேசுதல், ஆலோசகருடன் தனியாகப் பேசுதல், தோட்டவேலை, விளையாட்டு என்று நாள் முழுவதும் ஒழுங்கு உண்டு. எதைக் கண்டால் குடிக்கத் தோன்றுகிறது? சம்பள நாளா, மனைவியோடு சண்டையா, பழைய நண்பனா? ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று அவரே எழுதிப் பழகவேண்டும்.

1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகளால் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவின் கூட்டங்கள் நம் தமிழகத்திலும் நடைபெறுகின்றன. குடியை விட்டவர் குடியை விடுகிறவருக்குச் சொல்லும் சாட்சிக்குத் தனி வல்லமை உண்டு. மிஷன் இல்லங்களில் ஜெபமும் உண்டு. ஆனால் எம்மதத்தவரும் வருகிறார்கள். ஒருவரையும் வற்புறுத்தக் கூடாது.

4. குடும்பத்துக்கும் சிகிச்சை

கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடும்பத்தாரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. மனைவியும் தாயும் வகுப்புக்கு வரவேண்டும். அவருடைய கடனைத் தாங்களே அடைப்பது, வேலையிடத்தில் அவருக்காகப் பொய் சொல்லுவது, பழையதையே குத்திக் காட்டுவது ஆகியவை எவ்விதம் குடிக்குத் துணைபோகின்றன என்று அங்கே கற்கிறார்கள்.

ஓர் எச்சரிப்பு. குடியை நிறுத்தும் மாத்திரையையோ பொடியையோ அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்காதீர்கள். டைசல்ஃபிராம் மாத்திரை உடலில் இருக்கும்போது குடித்தால் கடும் வாந்தியும் படபடப்பும் உண்டாகி, இரத்த அழுத்தம் இறங்கி, மரணமும் நேரிடலாம். அவர் அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அதைச் சாப்பிடவேண்டும்.

5. வீடு திரும்பிய பின்

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால், "பணமெல்லாம் வீண்" என்று கைவிடாதீர்கள். சர்க்கரை வியாதியைப்போல இதுவும் நீண்டகால வியாதி. உடனே திரும்ப அழைத்து வாருங்கள். மாதந்தோறும் மருத்துவரிடம் வருவதும் கூட்டத்துக்குப் போவதும் தொடரவேண்டும்.

யோவான் 11-ஆம் அதிகாரத்தில் லாசருவை உயிரோடெழுப்பினவர் ஆண்டவர். ஆனால் அவன் கைகால்களைச் சுற்றியிருந்த துணிகளை அவிழ்க்கும் வேலையை அருகே நின்றவர்களிடம் விட்டார். குடிநோயாளி வீடு திரும்பும்போது அருகே நிற்பவர்கள் நாம்தான். கலியாண வீட்டில் அவர் கையில் கிளாசைத் திணிக்காதிருப்பதும், ஆலயத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்காருவதும், ஒரு வேலை பார்த்துக் கொடுப்பதும் அந்தக் கட்டவிழ்ப்பே.

கூலிக்காரர் ஒருவர் ஒரு மாதம் படுக்கையில் இருந்தால் வீட்டில் அடுப்பெரிவதில்லை. அதனால்தான் பலர் பத்தாம் நாளே போய்விடுகிறார்கள். உங்கள் காணிக்கை அவருடைய மருந்துக்கு மட்டுமல்ல, மீதி இருபது நாட்கள் அவர் தங்கியிருப்பதற்கும் உதவுகிறது.

ஜெபக் குறிப்புகள்

* சிகிச்சையில் இருப்போர் பாதியில் போகாமல் முடிக்கும்படி.
* இரவு விழித்திருக்கும் செவிலியருக்காகவும் ஆலோசகர்களுக்காகவும்.
* கேட்க வெட்கப்பட்டு வீட்டிலேயே மறைத்துவைத்திருக்கும் குடும்பங்களுக்காக.