டீசல் எண்ணெயும் சீட்டேன் எண்ணும்

புதுவை நகரின் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புறப்படும் விசைப்படகின் எஞ்சின், முகத்துவாரத்தைக் கடக்கையில் நின்றுவிட்டால் படகுக்கே ஆபத்து. வயலில் நீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சின் காலையில் கிளம்ப மறுத்தால் பயிர் வாடும். இரண்டையும் இயக்குவது டீசல் எண்ணெயே. ஆகவே, அது எவ்வளவு விரைவில் தீப்பற்றும் என்பதைக் காட்டும் 'சீட்டேன் எண்' குறித்து விவசாயிகளும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் அறிந்திருத்தல் நலம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டரில் அழுத்தப்படும் காற்று கடுஞ்சூடு அடைகிறது. அதில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. ஆயினும் பீய்ச்சியவுடனே பற்றுவதில்லை; கண் இமைக்கும் நேரத்தினும் மிகச் சிறியதொரு தாமதம் உண்டு. அத்தாமதம் நீண்டால், சேர்ந்துவிட்ட எண்ணெய் முழுவதும் ஒருசேர எரிந்து எஞ்சின் 'டக், டக்' என இடிக்கும். குளிர்ந்த எஞ்சின் வெண்புகை கக்கும்.

இத்தாமதத்தை அளக்க, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்க ஒற்றைச் சிலிண்டர் சோதனை எஞ்சின் உண்டு. எளிதில் பற்றும் சீட்டேன் என்ற திரவத்துக்கு 100 என்றும், மெல்லப் பற்றும் ஹெப்டாமெத்தில்நோனேனுக்கு 15 என்றும் மதிப்பு வைத்துள்ளனர். சோதிக்கும் எண்ணெயைப் போலவே பற்றும் கலவை எதுவெனப் பார்க்கின்றனர். நூற்றுக்கு 40 பங்கு சீட்டேனும் 60 பங்கு மற்றதும் கொண்ட கலவை அதற்கு ஒத்திருந்தால், 40-உடன் 60-இன் 0.15 பங்காகிய 9-ஐக் கூட்ட, எண் 49 ஆகும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை 6 விதிப்படி, டீசலின் சீட்டேன் எண் 51-க்குக் குறையலாகாது.

இவ்வெண் எண்ணெயின் வெப்பத்தையோ வலிமையையோ குறிப்பதன்று. எண் ஏறினால் எண்ணெய்ச் செலவு பாதியாகும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. பெட்ரோலின் ஆக்டேன் எண்ணோ இதற்கு நேர்மாறானது. தானே பற்றாமல் தாக்குப்பிடிக்கும் பெட்ரோலே உயர்ந்தது. ஆதலால் டீசலில் பெட்ரோல் கலந்தால் தீப்பற்றுதல் தாமதமாகும், தீவிபத்துக்கும் இடமுண்டு. மண்ணெண்ணெய் கலப்பதோ எண்ணெயின் வழவழப்பைக் குறைத்துப் பம்பையும் நாசிலையும் தேய்த்துவிடும். விலைச் சிக்கனம் என்று இதைச் செய்வோர் பின்னர் பம்புக்கு அழ வேண்டிவரும்.

எஞ்சின் இடித்தவுடன் எண்ணெயையே பழிக்கவும் கூடாது. நாசில் ஒழுகினாலும், எண்ணெய் பீய்ச்சும் நேரம் பிசகினாலும், பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து அழுத்தம் குறைந்தாலும் இதே குறிகள் தோன்றும். முதலில் நாசிலைக் கழற்றிச் சோதிக்கச் செய்க.