கோழி மீ சூப்பும் தேங்காய்ப்பாலும்

‘மீ’ என்னும் சொல் இன்று நம் நாவில் தமிழ்ச் சொல்லைப் போலவே புழங்குகின்றது. அது சீனரின் ஹொக்கியன் மொழியிலிருந்து மலாய்க்கும் நமக்கும் வந்து சேர்ந்த சொல்லாகும். சொல்லோடு உணவும் வந்தது. இந்நாட்டில் அவ்வுணவு தேங்காய்ப்பாலோடு சேர்ந்தபோது லக்சாவும் கறி மீயும் பிறந்தன. நாம் இங்கு விளக்க முற்படுவது அவற்றினும் எளியது, காரம் குறைந்தது, சிறு பிள்ளைகளும் முதியோரும் உண்ணத் தக்கது.

பொட்டல மீ இருக்க இது எதற்கு என்று சிலர் வினவக்கூடும். 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் மொமொஃபுக்கு ஆண்டோ என்பார் உடனடி மீயை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். அம்முதல் மீயும் கோழிச் சுவை ஊட்டப்பெற்றதே. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் பெற்றோருக்கு அது பெருந்துணை என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் வயது வந்தோர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பிள்ளைகளுக்கு அதனினும் குறைவாகவே வேண்டும். பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள அட்டவணையில் சோடியத்தின் அளவை நீங்களே படித்துப் பாருங்கள். அங்குக் காணும் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். கணக்குப் பாடத்திற்கும் இஃது ஏற்றதொரு பயிற்சியாகும். வீட்டில் வைக்கும் சூப்பில் உப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில் உள்ளது.

ஐந்தாறு பேர் உண்ண ஒன்றரைக் கிலோ எடையுள்ள ஒரு கோழி போதும். பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்து நீர் தெறிக்கக் கழுவுதல் கூடாது. கோழியிலுள்ள நோய்க்கிருமிகள் அந்நீர்த் துளிகளோடு அருகிலுள்ள கீரையின் மீதும் பாத்திரத்தின் மீதும் சென்று படியும். கோழி வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே வேறு எதற்கும் பயன்படுத்துதல் வேண்டும்.

கோழித் துண்டுகளைப் பெரிய பானையிலிட்டு, அவை மூழ்க இரண்டரை லிட்டர் குளிர்ந்த நீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுக. கொதி வரும் வேளையில் மேலே திரளும் நுரையை அகப்பையால் அகற்றிவிடுக. பின்னர் நசுக்கிய இஞ்சி, ஏழெட்டுப் பல் பூண்டு, இரண்டு வெங்காயம், ஒரு துண்டு பட்டை, ஒரு தேக்கரண்டி மிளகு ஆகியவற்றை இட்டுத் தீயைத் தணித்துவிடுதல் வேண்டும். சாறு தளதளவென்று கொதித்தால் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றைக் கலங்கச் செய்யும். ஓரிரு குமிழிகள் மேலெழும் அளவே போதுமான சூடாகும்.

முக்கால் மணி நேரத்தில் இறைச்சி வெந்துவிடும். அதனை எடுத்து, சதையைப் பிய்த்துத் தனியே வைக்க. எலும்புகளை எறிந்துவிடுவோர் பலர். சூப்பின் உயிர் அங்குத்தான் உள்ளது என்பதை அவர்கள் அறியார். எலும்பையும் தோலையும் மீண்டும் அச்சாற்றிலேயே இட்டு, மேலும் ஒரு மணி நேரம் சிறு தீயில் வைத்தல் வேண்டும். தோலிலும் மூட்டுகளிலும் கொலாஜன் என்னும் புரதம் உண்டு. அது நெடுநேரச் சூட்டில் நெகிழ்ந்து ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கரைகின்றது. இதனை ஐயுறுவோர் வடிகட்டிய சாற்றில் ஒரு கிண்ணம் எடுத்துக் குளிர்பெட்டியில் இரவு முழுதும் வைத்துப் பார்க்கலாம். காலையில் அது பாகுபோல உறைந்து, தொட்டால் நடுங்கும். கோழிக்கால்கள் நான்கைந்து சேர்த்தால் இன்னும் நன்றாக உறையும்; அவை விலையிலும் மலிவானவை.

சூப்பைக் கெட்டியாக்க அரிசிமாவு இரண்டு மேசைக்கரண்டி வேண்டும். மாவைச் சூடான சாற்றில் நேராகக் கொட்டினால் வெளிமாவு வெந்து பசையாகி, உள்மாவைச் சூழ்ந்துகொள்ளும். அதுவே கட்டியாகும். ஆதலின் மாவை அரைக் கிண்ணம் குளிர்ந்த நீரில் கரைத்து, கிளறிக்கொண்டே ஊற்றுக. ஐந்து நிமிடத்தில் சாறு அகப்பையின் பின்புறத்தில் மெல்லிய போர்வைபோல ஒட்டும்.

இனித் தேங்காய்ப்பால். ஒரு தேங்காயைத் துருவி முதற்பாலும் இரண்டாம் பாலும் எடுக்க. இரண்டாம் பாலை மாவோடு ஊற்றலாம். முதற்பாலை இறக்கும் தறுவாயில்தான் சேர்த்தல் வேண்டும். தேங்காய்ப்பால் என்பது நீரில் விரவி நிற்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகளின் கலவை. அத்துளிகள் ஒன்றுகூடாதபடி தேங்காயின் புரதம் அவற்றைப் போர்த்தி நிற்கின்றது. கொதி மிகுந்தால் அப்போர்வை குலைந்து எண்ணெய் பிரியும். ரெண்டாங் சமைப்போர் வேண்டுமென்றே அந்நிலை வரும்வரை காய்ச்சுவர். சூப்புக்கு அது ஆகாது. டின் பால் ஊற்றுவோரும் உளர். அது தவறன்று, ஆயினும் அதன் இனிப்பு கோழியின் சுவையை மழுக்குகின்றது என்பது நம் கருத்து. உப்பு இரண்டு தேக்கரண்டிக்கு மேல் வேண்டா.

மஞ்சள் மீயைப் பானையில் இடாமல் வேறு பாத்திரத்தில் கொதிநீரில் ஒரு நிமிடம் நனைத்து வடித்தல் நன்று. காரநீர் கலந்து பிசைவதாலேயே அது மஞ்சள் நிறமும் இழுவையும் பெறுகின்றது. அக்காரத்தின் வாடையும் மேலே பூசிய எண்ணெயும் கொதிநீரில் நீங்கும். மீஹூன் விரும்புவோர் அதனையும் இவ்வாறே தனியே அவித்துக்கொள்ளலாம்.

இத்துணை நேரம் காலையில் யாருக்கு உண்டு? ஆதலின் மாலையிலேயே சாற்றை வடிகட்டி, அகன்ற பாத்திரங்களில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுதல் வேண்டும். இறைச்சியையும் அவ்வாறே வைக்க. ஆறிய சாற்றை அடுப்பின் மேலேயே விடிய விடிய விட்டுவைத்தல் பெருந்தீங்கு. நம் வெப்ப நாட்டில் கிருமிகள் அதில் ஓரிரவில் பன்மடங்கு பெருகும். அவற்றுட் சில விட்டுச்செல்லும் நச்சு, மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. தேங்காய்ப்பால் சேர்த்த சூப்பு இன்னும் விரைவில் கெடும். எனவே பாலைத் தனியே குளிர்பெட்டியில் வைத்து, காலையில் சாறும் இறைச்சியும் நன்கு கொதித்த பின்னரே தீயைத் தணித்துச் சேர்க்க. இம்முறையில் காலை வேலை பதினைந்து நிமிடத்தில் முடியும்.

கிண்ணத்தில் மீயை இட்டு, சூப்பை ஊற்றும் வேலையைப் பெரியோர் செய்க. பிள்ளைகள் தவுகே ஆய்தல், வெங்காயத் தாள் நறுக்குதல், தேங்காய்ப்பால் பிழிதல் ஆகியவற்றைச் செய்யலாம். எலுமிச்சை விரும்புவோர் தத்தம் கிண்ணத்தில், உண்ணும் வேளையில் மட்டும் பிழிந்துகொள்க. பானையில் பிழிந்தால் புளிப்பினால் பாலின் புரதம் திரிந்து, சூப்பு முழுவதும் திரிதிரியாகிவிடும்.